ஐந்தாவது எழுத்து

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி பிறந்த முதல் வாரத்தில் தொடங்கியது இது. இடம், சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றை ஒட்டியே போனால் வருகிற என் பிறந்த ஊர். சின்ன ஊர்தான். பஸ் நிற்குமா நிற்காதா என்பது அன்றைக்குக் கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்தது. இதில் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை, ஒரே ஒருவர் பெயரைத் தவிர. அதைச் சொல்லாவிட்டால் இந்த அனுபவத்தையே சொல்ல முடியாது.

நான் ஒரு காப்பீட்டு முகவர். கல்யாணமாகிப் பேட்டையில் குடியிருக்கிறேன். பதினெட்டு வருடமாக ஸ்கூட்டரில் சுற்றி, பேட்டைப் பட்டறைக்காரர்களிலிருந்து உவரியில் படகு வைத்திருப்பவர்கள் வரைக்கும் பாலிசி போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னைத் தூரத்தில் பார்த்ததும் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்வதில்லை. சாத்திய கதவு பால்காரர் வரும்போது திறந்துதானே ஆக வேண்டும், அப்போது போய் நிற்பேன். பிடித்தால் விடமாட்டாள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கறார். விண்ணப்பத்தில் பெயர் எழுதும்போது இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். "வெறும் எஸ்ஸுன்னு போட்டா, அது சுப்பையாவா சண்முகமான்னு கம்பெனிக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் பணம் வாங்க வாரவுகதான் அலைவாக" என்று வீட்டுக்கு வீடு வகுப்பே எடுப்பேன். அப்படி வகுப்பெடுத்த நான் என் சொந்தப் பெயரில் மாட்டிக்கொண்டு முழித்த கதை இது.

என் அப்பா விவசாயக் கூலி. ஊரில் ஒரு பெரிய குடும்பத்து வயலில் முப்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டவர். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு நாள் வாய்க்கால் ஓரமாக மூன்றரை சென்ட் இடத்தைக் காட்டி, "இங்கன ஒரு வீடு கட்டிக்கோ" என்றாராம். சொன்னதோடு சரி, எழுத்தில் எதுவும் கிடையாது. அப்பாவும் கேட்கவில்லை. ஓட்டு வீடு கட்டினார். நான் பிறந்து வளர்ந்ததும், கல்யாணமாகிக் கிளம்பியதும் அந்த வீட்டிலிருந்துதான். அப்பா இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா தனியாக அங்கேயே இருந்தார். பேட்டைக்கு வந்துவிடச் சொன்னால், "அங்கன வந்து நாலு செவத்தப் பாத்துட்டு இருக்கவா" என்று பேச்சை முடித்துவிடுவார்.

பெரியவரின் மகன் அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் இருக்கிறார். ஊரில் உள்ள நிலங்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஆடியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒங்க அப்பா எங்களுக்காக ஒழச்ச மனுஷன். அதனாலதான் மொதல்ல ஒன்ட்ட கேக்குதேன். அந்த எடத்த நீயே வாங்கிக்கிடுதியா? ஆவணி பொறந்து பத்து நாள் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எனக்குத் தோதுப்படாது. பக்கத்து வயலோட சேத்து ஒருத்தரு கேட்டுட்டு இருக்காரு."

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. இடம் அவருடையது. வேறொருவராக இருந்தால் என்னைக் கேட்டிருக்கவே மாட்டார். "வாங்கிக்கிடுதேன் ஐயா" என்று உடனே சொல்லிவிட்டேன். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் பணத்துக்கு என்ன வழி என்று கணக்குப் போட்டேன்.

கையில் இருந்தது பாதிக்குத்தான் காணும். மீதிக்கு வங்கிக் கடன்தான் வழி. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். அவருக்குக் கூலி அன்றன்றைக்குக் கையில் வரும், கையிலிருந்து போகும். காகிதத்தில் எதுவும் இருக்காது. வங்கியில் இருந்த பெண் அதிகாரி எங்கள் இருவரையும் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க கமிஷன்ல கம்பெனி வரி பிடிக்குதுல்லா? அப்போ உங்களுக்குத்தான் கணக்கு இருக்கு. இந்த வருஷத்து வருமான வரி ரிட்டர்ன் போட்டு, ஒப்புகைச் சீட்டு கொண்டாங்க. கடைசித் தேதிக்குள்ள போட்டதா இருக்கணும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் கிடையாது. கம்பெனி பிடித்தது போனால் போகட்டும் என்று இத்தனை வருடம் விட்டிருந்தேன். ரிட்டர்ன் என்றாலே பெரிய மனிதர்கள் சமாசாரம் என்று நினைப்பு. அதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்று அந்த அதிகாரியிடமே கேட்டேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அரசாங்கத்தின் தளத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம், அதற்குக் கட்டணமே இல்லை என்றார். கடைசித் தேதிக்கு அப்போது பதினொரு நாள் இருந்தது.

வீட்டுக்காரர் வழியிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஏட்டி, ஊர்ல எல்லாரும் துட்டக் குடுத்துத்தான செய்யுதாக. நீயே போடுதேன்னு எதையாவது போட்டுக் கெடுத்துராத."

"பதினெட்டு வருஷமா அடுத்தவுக பாரத்த நெரப்பிக் குடுக்கேன். என் பாரத்த நெரப்ப எனக்குத் தெரியாதா?" என்றேன். அன்றைக்கு அவ்வளவு தைரியம் இருந்தது.

மறுநாள் காலையில் சமையலை முடித்துவிட்டு, பாலிசி வேலைக்காக வாங்கிய பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். முதலில் நம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். பான் எண் கேட்டது, கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் பெயருக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. லாஸ்ட் நேம், மிடில் நேம், ஃபர்ஸ்ட் நேம்.

எனக்கு இருப்பதே ஒரு பெயர். அதற்கு முன்னால் அப்பாவின் எழுத்து, எஸ். பான் கார்டிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது, எஸ் என்று போட்டு என் பெயர். முதலில் வருவது எஸ், ஆகவே ஃபர்ஸ்ட் நேம் எஸ். கடைசியில் வருவது என் பெயர், ஆகவே லாஸ்ட் நேம் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நடுவில் யாரும் இல்லை, அதை விட்டுவிட்டேன். பிறந்த தேதியைப் போட்டு அமுக்கினேன். விவரங்கள் பொருந்தவில்லை என்று வந்தது.

தட்டச்சில் பிழை என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். பொருந்தவில்லை. எஸ்ஸுக்குப் பின்னால் புள்ளி வைத்துப் பார்த்தேன். எஸ்ஸையும் பெயரையும் ஒரே கட்டத்தில் சேர்த்துப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் நேமை வெறுமனே விட்டுப் பார்த்தேன். வங்கிப் புத்தகத்தில் கணவர் இனிஷியல் பி என்று இருக்கிறதே என்று அதையும் போட்டுப் பார்த்தேன். போட்டதையெல்லாம் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். ஏழு விதம் ஆயிற்று. ஏழுக்கும் அதே பதில். நான் நானில்லை என்று ஒரு இயந்திரம் ஏழு தடவை சொன்னால் நமக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் வீம்பை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். கடைசித் தேதி நெருங்கும் சமயம் என்பதால் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. கடைக்காரர் என் பான் கார்டையும் பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல எஸ்ஸு, அதுல பி. ஒங்களுக்குக் கல்யாணம் ஆச்சுல்லாக்கா, அதான் இடிக்குது. பேசாம பான் கார்டுல அண்ணாச்சி இனிஷியலப் போட்டு மாத்திருங்க. பாரம் இங்கன இருக்கு. பதினஞ்சு இருவது நாள்ல வந்துரும்."

"எனக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"அப்போ அடுத்த வருஷம் போடுங்க. இல்லன்னா அபராதத்தோட பெறவு போடலாம். பதிவு பண்ணும்போது என் நம்பரையே குடுத்திருவோம், ஓடிபி வந்தா நானே பாத்துக்கிடுவேன். ஒங்களுக்கு அலைச்சல் இல்ல."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. என் கணக்கின் சாவி அவர் சட்டைப் பையில் இருப்பது பிடிக்கவில்லை. அப்பாவின் எழுத்தை எடுப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, தங்கமான மனிதர். ஆனால் முகவர் வேலையில் சேரும்போது அந்தக் கார்டை எடுக்க என்னைச் சைக்கிளில் வைத்துத் திருநெல்வேலி வரைக்கும் மிதித்தவர் அப்பா. அவர் கட்டின வீட்டை வாங்குவதற்கு அவர் எழுத்தையே எடுக்கச் சொல்கிறார்களே என்று இருந்தது. பாரத்தை மட்டும் மரியாதைக்கு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலையில் அம்மா போன் செய்தார். யாரோ இரண்டு பேர் நாடாவோடு வந்து பக்கத்து வயலை அளந்தார்களாம். அளந்துகொண்டே வந்து நம் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு குச்சியை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நம்ம எடத்துக்குள்ளயே ஊனியிருக்காகட்டி" என்றார் அம்மா. குரல் சரியில்லை. நான் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

போனதும் அந்தக் குச்சியைப் பார்த்தேன். பிடுங்கிப் போட எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் அதைப் பிடுங்குவதால் ஒன்றும் ஆகாது, அதைப் பிடுங்குகிற காகிதம் வேறு என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு இதை முடிக்காமல் பேட்டைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். வருமான வரித் தளத்திலேயே உதவிக்கு ஒரு எண் இருந்தது. நம் அரசாங்க எண்ணை எவன் எடுப்பான் என்ற அலட்சியத்தில் அதுவரை கூப்பிடாமல் இருந்தேன். அது என் தப்பு. எடுத்தார்கள்.

அம்மா வீட்டில் போன் சிக்னல் புழக்கடையில் துணி துவைக்கிற கல் பக்கம்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஆடி மாதம் அல்லவா, மலையிலிருந்து சாரல் வந்துவிட்டது. அம்மா குடையைக் கொண்டுவந்து எனக்குப் பிடிக்காமல் லேப்டாப்புக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். தமிழ்தான் பேசினார், கொஞ்சம் கன்னட வாடை அடித்தது. பொறுமையான மனிதர். பான் எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, லாஸ்ட் நேம் என்ன என்றார். என் பெயரைச் சொன்னேன். அது ஃபர்ஸ்ட் நேம் மேடம், லாஸ்ட் நேம் சொல்லுங்கள் என்றார். எனக்கு வேறு பெயரே கிடையாது என்றேன். அப்பா பெயர் என்ன என்று கேட்டார்.

"சுடலைமுத்து."

"ஓகே சூடலைமுட்டு மேடம், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

மறுபடி பாட்டு ஓடியது. திரும்பி வந்தார். "சூடலைமுட்டு மேடம், காத்திருந்ததுக்கு நன்றி. உங்க பதிவு இன்னும் ஆகலை, சூடலைமுட்டு மேடம்."

லேப்டாப்புக்குப் பிடித்திருந்த குடை ஆடியது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் முகம் எப்படியோ இருந்தது.

"ஏட்டி, யாரு அது, அவுகள பேரு சொல்லிக் கூப்பிடுதது?"

எங்கள் அம்மா அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அந்தக் காலத்துப் பழக்கம். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், "எம் மக பேருக்கு முன்னால இருக்கும்லா, அது" என்று சொல்லி எதிரே இருப்பவரைத் திணறடிப்பார். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஆளே இல்லை. நானும் அப்பா என்றுதான் சொல்வேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் புழக்கடையில் அந்தப் பெயர் கேட்டது, அதுவும் பெங்களூரிலோ எங்கிருந்தோ, கூடவே ஒரு மேடத்தோடு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "சார், அது எங்க அப்பா பேரு. அவுக தவறிப்போய் ஆறு வருஷம் ஆச்சு. அவுகள மேடம்னு கூப்பிடாதீங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "மன்னிச்சுக்கங்க மேடம். உங்களை வருத்தப்படுத்தச் சொல்லலை. லாஸ்ட் நேம் வச்சுத்தான் நாங்க கூப்பிடுவோம். உங்க பான் நம்பரை எடுத்துப் பாருங்க. அதுல அஞ்சாவது எழுத்து என்ன?"

கார்டைப் பார்க்கத் தேவையில்லை. அந்த எண் எனக்குத் தூக்கத்திலும் வரும். விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாவது எழுத்து எஸ்.

"அது சும்மா வர்ற எழுத்து இல்லை மேடம். லாஸ்ட் நேமோட முதல் எழுத்தைத்தான் அந்த இடத்துல போடுவாங்க. உங்க பேரோட எழுத்து அங்கே இல்லை பாருங்க. அப்போ நீங்க அப்ளிகேஷன் கொடுக்கும்போது அப்பா பேரை முழுசா லாஸ்ட் நேமா எழுதியிருக்கீங்க. கார்டுல மட்டும் சுருக்கி அச்சடிச்சிருக்காங்க. கடைசிக் கட்டத்துல அப்பா பேரை முழுசா அடிங்க. முதல் கட்டத்துல உங்க பேரு."

இனிஷியலை விரித்து எழுதுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு, தன் இனிஷியலை விரிக்கத் தோன்றவில்லை. பத்து எழுத்து கொண்ட அந்த எண்ணைப் பதினெட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். அதற்குள் அப்பா இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. கார்டில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கடைசிக் கட்டத்தில் அடித்தேன். என் பெயரை முதல் கட்டத்தில் போட்டேன். அமுக்கினேன். பக்கம் திறந்து, போனுக்கு ஓடிபி வந்தது.

போனில் இருந்தவரிடம் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளாத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். காப்பீட்டுக் கமிஷன் என்றால் மூன்றாம் நம்பர் பாரம், சம்பளக்காரர்கள் போடுகிற ஒன்றாம் நம்பரைப் போட்டுவிடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். "சமர்ப்பிச்சதும் முடிஞ்சதுன்னு மூடிடாதீங்க. கடைசியில வெரிஃபை பண்ணணும். அது பண்ணலைன்னா போட்டதே செல்லாது." அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிச்சயம் பாதியில் மூடியிருப்பேன்.

அன்றைக்குச் சொன்னபடி பேட்டைக்குத் திரும்பவில்லை. மூன்றாம் நம்பர் பாரம் லேசுப்பட்டது இல்லை. பக்கம் பக்கமாக வரும், முக்கால்வாசி நமக்குச் சம்பந்தமே இருக்காது. வெளிநாட்டில் சொத்து உண்டா என்று கேட்டது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று போட்டேன். கம்பெனி எனக்குக் கொடுத்த கமிஷனும் பிடித்த வரியும் ஏற்கெனவே அங்கே பதிவாகியிருந்தன. ஸ்கூட்டர் பெட்ரோலையும் போன் செலவையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். ஒரு தடவை அம்மா சாப்பிடக் கூப்பிட்டு நான் எழுந்து போய் வருவதற்குள், நேரமாகிவிட்டது என்று தானாக வெளியேறிவிட்டது. சேமிக்காமல் விட்ட இரண்டு பக்கத்தைத் திரும்ப நிரப்பினேன். எது புரியவில்லையோ அதை அந்தப் பக்கத்திலேயே இருந்த விளக்கத்தில் இரண்டு தடவை வாசித்தேன். மறுநாள் மத்தியானம் சமர்ப்பித்தேன். ஆதாரில் ஓடிபி வாங்கி வெரிஃபையும் செய்தேன். ஒரு பைசா செலவாகவில்லை, ஒரு ஆளிடமும் என் கார்டைக் கொடுக்கவில்லை.

ஒப்புகைச் சீட்டு திரையில் வந்தது. அதில் என் பெயரோடு அப்பா பெயர் முழுசாக, பெரிய எழுத்தில் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"அவுக பேரும் போட்டிருக்காகளா? எங்கன?"

பெயரைக் காட்டினேன். பிறகு பான் எண்ணில் ஐந்தாவது எழுத்தையும் காட்டி, இதுவும் அப்பாதான் என்றேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"தொரட்டி மாதிரி வளைஞ்சு இருக்கே."

"அதுதான் எஸ்ஸு."

அம்மா உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கூலிக்குப் போன என் அப்பாவுக்கு வாழ்நாளில் வருமானம் என்று எழுதின ஒரு காகிதம் கிடையாது. வருமானக் காகிதத்தில் அவர் பெயர் ஏறியது அன்றைக்குத்தான்.

ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வங்கியில் கொடுத்தேன். அந்த அதிகாரி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஆடி அமாவாசைக்கு ஊர்க்காரர்கள் எல்லாம் ஆற்றில் இறங்கித் தகப்பன் பேரையும் பாட்டன் பேரையும் சொல்லிக்கொண்டிருந்த அன்றைக்கு, கடன் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, ஆற்றில் அவர் பேரைச் சொல்ல ஆளில்லை என்று வருடா வருடம் அம்மா படுகிற குறையை அந்த வருடம் ஏனோ சொல்லவில்லை.

ஆவணி பிறந்து ஏழாம் நாள் பத்திரப் பதிவு. பாளையங்கோட்டை ஐயா சொன்ன நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். எழுதிக்கொண்டிருந்தவர் அம்மாவிடம், "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். வழக்கம்போல எம் மக பேருக்கு முன்னால என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எஸ்ஸு" என்றார் அம்மா.

எழுதுகிறவர் நிமிர்ந்தார். "எஸ்ஸு சரி, முழுப் பேரு வேணும்லாம்மா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சுடலைமுத்து" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த குச்சியை அன்று மாலையே அம்மா பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் சென்டரில் வாங்கிய பாரத்தை நான் இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் என் கணக்கை நானே போடுகிறேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்துதான் போட வேண்டும் என்று ஒன்றும் இல்லை, இருந்தாலும் அதற்காக ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். பாலிசி போடப் போகிற வீடுகளில் யாராவது இதே மாதிரி பெயர் பொருந்தவில்லை என்று முழித்தால், ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் எண்ணிப் பார்த்துவிட்டு, கார்டை இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

அதைவிட எனக்கு நிம்மதி தந்த ஒன்றைப் பிறகு தெரிந்துகொண்டேன். பான் கார்டில் பெயரையே மாற்றினாலும் எண் மாறாதாம். எங்கே யார் என் பான் எண்ணைக் கேட்டாலும் முதல் நான்கு எழுத்தைப் பழக்கத்தில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஐந்தாவதை மட்டும் நிறுத்தித்தான் சொல்கிறேன்.